தங்கச்சி கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர்

(சித்திரைத் திருவிழாவுக்கு முன்னதாக, மதுரையில் இளம் பெற்றோர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாளில் மீனாட்சியம்மன் கோயிலில் கொடி ஏறிவிடும். கொடி ஏறியதுமே மதுரையில் பாதி வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகும். "பேரனுக்கு இந்த வருசம் அழகரக் காட்டிப்புடணும்" என்று அப்பத்தா சொல்வார். "அந்தக் கூட்டத்துலயா அத்தை? ரெண்டு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டா?" என்பார் மருமகள். நடுவில் மாட்டிக்கொண்ட மகன் அந்த நேரம் பார்த்துச் செல்போனில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் எழுந்து வெளியே போய்விடுவார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பத்தா சொல்வதும் சரி, மருமகள் சொல்வதும் சரி. குழந்தைக்கு அழகரைக் காட்ட வேண்டும். ஆனால் ஆற்றில் இறங்கும் அந்த விடியற்காலையில் காட்ட வேண்டாம்.

ஏன் என்று கேட்டால், முதலில் இந்தத் திருவிழாவை நம் முன்னோர் எப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் திருவிழா 12 நாள். எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். மறுபக்கம் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டுச் சுமார் 20 கிலோமீட்டர் வருகிறார். மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. தல்லாகுளம் பெருமாள் கோயிலில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தங்கக் குதிரையில் ஏறி, சித்ரா பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்குகிறார். அதோடு முடிந்ததா? இல்லை. ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி, வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம், மறுபடி ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பூப்பல்லக்கு, அப்புறம்தான் மலைக்குத் திரும்புகிறார்.

தனித்தனியாக நடந்துகொண்டிருந்த இந்த இரண்டு விழாக்களையும் ஒரே மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது நம் ஊர் அறிந்த கதை. அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அதற்கு முன்னால் மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது, அழகர் தேனூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார் என்பார்கள். தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' நூலில் இந்த விழாவுக்குள் எத்தனை சாதியார், எத்தனை ஊரார், எத்தனை வகையான நேர்ச்சைகளோடு வந்து கலக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சைவம், வைணவம், நகரம், கிராமம் எல்லாம் ஒன்றாய்க் கூடும் விழா. அத்தனை பேருக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்றால், அதை ஒரே இடத்தில், ஒரே நாழிகையில் வைக்க முடியுமா? அதனால்தான் விழாவைப் பல நாளாக நீட்டினார்கள், பல தெருவுக்கு விரித்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? அவ்வளவு பெரிய விழாவை இரண்டே காட்சிகளாகச் சுருக்கிவிட்டோம். ஒன்று, ஆடி வீதியில் தாலி கட்டும் காட்சி. இன்னொன்று, அழகர் ஆற்றில் கால் வைக்கும் காட்சி. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு வந்த பிறகு இது இன்னும் கூடிப்போனது. கேமரா எதைக் காட்டுகிறதோ அதுதான் திருவிழா, மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வரும் காத்திருப்பு என்று ஆகிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் அந்த இரண்டு காட்சிக்கே போகிறார்கள். கூட்டம் மிகுந்த இடம், மிகுந்த நேரம், குழந்தை தூங்க வேண்டிய வேளை மூன்றும் அங்கே சேர்ந்துவிடுகின்றன.

கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் மக்கள் கூடி விழா நடக்கவில்லை. 2022-ல் கதவு திறந்ததும் ஊரே ஆற்றுக்குள் இறங்கியது. அன்றைக்கு, ஏப்ரல் 16-ஆம் தேதி, நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கூட்ட நெரிசல் என்பது எப்படி ஆளைக் கொல்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் மூன்று நான்கு பேர் நின்றால் நெருக்கடிதான், ஆனாலும் நடக்கலாம். ஐந்து பேர் ஆனால் தோளும் தோளும் ஒட்டும். ஆறேழு பேர் ஆகிவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. எங்கோ ஒரு மூலையில் யாரோ தள்ளியது அலையாகப் பரவி உங்களை வந்து இடிக்கும், நீங்கள் விரும்பாமலே அடுத்தவரை இடிப்பீர்கள். இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அமுங்கி, மூச்சை உள்ளே இழுக்க இடமில்லாமல் சாகிறார்கள். பெரியவருக்கே இப்படி. நாலு வயதுப் பிள்ளையின் முகம் பெரியவர்களின் இடுப்புக்கு நேரே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றும் இல்லை, காட்சியும் இல்லை. வேட்டி மடிப்பும், பையும், பெல்ட் கொக்கியும்தான் அதற்குத் தெரிகிற திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும்போது "கோவிந்தா" என்று ஊர் எழுப்பும் முழக்கம் நமக்கு மெய்சிலிர்ப்பு. எதையும் பார்க்க முடியாமல் சத்தத்தை மட்டும் கேட்கிற குழந்தைக்கு அது வேறு.

தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே என்பீர்கள். தோளில் வைத்தால் பார்க்கும், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு நேரம்? அரை மணி? ஆற்றுப் படுகையில் இடம் பிடிக்க முந்தின ராத்திரியே போய் நிற்கிறார்கள். மணலிலும் சகதியிலும் ஒரு கால் தடுமாறினால் தோளில் இருப்பவனைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கீழே ஊன்றவும் கை வேண்டும்.

இப்போது அப்பத்தாக்கள் பக்கம் வருகிறேன். "அப்ப அழகரப் பாக்காமயே புள்ள வளரணுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பார்க்கலாம். அதற்கான வழியையும் திருவிழாவே வைத்திருக்கிறது. அதன் பெயர் மண்டகப்படி.

அழகர் மலையிலிருந்து நேரே ஆற்றுக்கு ஓடி வருவதில்லை. வழியெல்லாம் நிற்கிறார். போகும் வழியிலும் வரும் வழியிலும் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் எழுந்தருளுகிறார். ஊர்க்காரர்கள், சமூகத்தார், வியாபாரிகள், சில இடங்களில் ஒரு குடும்பமே கட்டிவைத்த சின்ன மண்டபம். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, பானகம் கரைத்து வைத்துக்கொண்டு "எப்பப்பா வருவாரு?" என்று காத்திருப்பார்கள். வருவார், கொஞ்ச நேரம் இருப்பார், தீபாராதனை நடக்கும், புறப்படுவார். சாமி நம் தெருவுக்கு வந்து நம் வாசலில் நிற்கிறார். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் போய் நசுங்குவது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஊர்க் கதைப்படி அழகர் தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குத்தான் சீர்வரிசையோடு புறப்பட்டு வந்தார். வழியில் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வந்ததில் நேரமாகிவிட்டது. ஆற்றுக்கு வந்து பார்த்தால், கல்யாணம் முடிந்தே போய்விட்டது. கோபித்துக்கொண்டு மதுரைக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார். கோயில் மரபு தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வந்ததாகச் சொல்லும். இரண்டு கதையும் இருக்கட்டும். தங்கச்சி கல்யாணத்துக்கே தாமதமாக வந்த சாமியைப் பார்க்க, நாம் எதற்கு அவசரப்பட வேண்டும்?

ஆகவே இளம் பெற்றோர்களுக்கு என் யோசனை இதுதான். அழகர் உங்கள் தெருப்பக்கம் எந்த மண்டகப்படிக்கு வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். புதூர், தல்லாகுளம், அண்ணாநகர், வண்டியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம். முக்கியமாக, அவர் மலைக்குத் திரும்புகிற பயணத்தை விட்டுவிடாதீர்கள். வரும்போது இருக்கிற அளவுக்குத் திரும்பும்போது நெருக்கடி இருக்காது. ஊர் களைத்துப்போயிருக்கும், வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். "தாத்தா, அழகர் எங்க போறாரு?" என்று பிள்ளை கேட்டால், "ஊருக்குப் போறாருய்யா, அடுத்த வருசம் வருவாரு" என்று சாவகாசமாகப் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

மீனாட்சி கோயில் விழாவிலும் இப்படித்தான். திருக்கல்யாணத்துக்கு அனுமதிச்சீட்டு கிடைக்குமா என்று அலைவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் நாளிலிருந்தே மாசி வீதிகளில் வாகனங்கள் வருகின்றனவே, அவையெல்லாம் குழந்தைகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும். பூதம் வரும், அன்னம் வரும். மூன்றாம் நாள் கைலாச பர்வதம், அதில் மலையைத் தூக்கப் பார்க்கும் ராவணன். பிறகு தங்கக் குதிரை, ரிஷபம், யாளி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு யாளியைவிடச் சுவாரசியமானது என்ன இருக்கிறது? தலை ஒரு மிருகம், துதிக்கை இன்னொரு மிருகம். முன்னால் டங்கா மாடு, அதன் முதுகில் முரசு, பின்னால் கோயில் யானை, மீனாட்சி வேடமும் முருகன் வேடமும் போட்ட குட்டிப் பிள்ளைகள், கோலாட்டம். நாலு மாசி வீதியும் நீளமானவை. வீதி முனைகளை விட்டுவிட்டு, வீதியின் நடுப்பகுதியில் தெரிந்த கடையின் படிக்கட்டில் இடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது போதும்.

தேரும் அப்படியே. தேரோடும் காலையில் சின்னப் பிள்ளைக்கு வடத்தருகே வேலையே இல்லை. முந்தின நாட்களில் கீழமாசி வீதியில் தேரை அலங்கரித்துக்கொண்டிருப்பார்கள். மூங்கில் கட்டுவார்கள், துணி சுற்றுவார்கள், வாழைமரம் ஏற்றுவார்கள். அப்போது அழைத்துக்கொண்டு போங்கள். பிள்ளையின் உயரத்தைவிடப் பெரிய சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடிப்பீடத்தில் செதுக்கியிருக்கும் யானையையும் குதிரையையும் எண்ணட்டும். முட்டுக்கட்டை போடும் ஆசாரி யாராவது இருந்தால், "இந்தக் கட்டைய வச்சுத்தான் இம்மாம் பெரிய தேர நிப்பாட்டுவோம்" என்று அவர் வாயால் கேட்கட்டும். அதற்குப் பிறகு தேரோட்டத்தை டிவியில் பார்த்தால்கூட, "அந்தா, கட்ட போடுறாங்க!" என்று பிள்ளை கத்தும். பெரியவர்கள் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்பில் முதல் கேள்வி, "அழகரப் பாத்தீங்களா?" என்பதுதான். எல்லாக் கையும் உயரும். "என்ன பாத்தீங்க?" என்று கேட்டால்தான் சங்கதி தெரியும். "சார், எங்க மாமா தண்ணி பீச்சுனாரு, எம்மேலயும் பட்டுச்சு." "சார், டங்கா மாடு சாணி போட்டுச்சு." "சார், ஒரு தாத்தாவுக்கு இவ்ளோ பெரிய கொண்ட." "எம் பலூன் பறந்துபோச்சு சார்." அழகர் பச்சைப்பட்டு உடுத்தினாரா, சிவப்புப்பட்டு உடுத்தினாரா என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது நினைவிருக்காது. இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? குழந்தைக்கு மனதில் நிற்பது அதன் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தது. ஆட்டுத்தோலில் தைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைப்பாகையும் கச்சமுமாய் வந்து அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறாரே, அவரை நிறுத்திப் பிள்ளை அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கட்டும். திரி எடுத்து ஆடுபவரை எட்ட நின்று பார்க்கட்டும். ஒரு நாளைக்கு ஒன்று பார்த்தால் போதும். இழுத்துக்கொண்டு பத்து இடம் போக வேண்டாம். பிள்ளை எதன் முன்னால் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

போவதற்கு முந்தின ராத்திரி கதை சொல்லுங்கள். தவளையான முனிவர் கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்காது? கதை தெரிந்த பிள்ளை கூட்டத்தில் மிரளாது, தேடும்.

இனி உடம்பு சம்பந்தமான விஷயம். சித்திரை வெயிலை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயில் குழந்தையின் உடம்பில் வேறு மாதிரி ஏறுகிறது. எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம், வேர்ப்பது குறைவு. அதனால் நம்மைவிடச் சீக்கிரம் சூடாகும். போவதானால் காலை எட்டு மணிக்கு முன்னால், இல்லையென்றால் மாலை ஐந்துக்குப் பிறகு. நடுப்பகலில் வெளியே வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்தான் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். அதற்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர். நீர்மோர்ப் பந்தலில் கொடுப்பவர்களின் மனசு பெரியது, சந்தேகமில்லை. அதில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அவர்களுக்கே தெரியாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் வீட்டிலேயே மோர் கலக்கி ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பையில் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் கொடுக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவு. கடையில் அட்டை டப்பாவில் ஆரஞ்சு ருசியோடு விற்கிற இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. பிள்ளை ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு துவண்டு படுக்கிறது என்றால் திருவிழா அத்தோடு முடிந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேண்டுதல் மொட்டை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அடிக்கட்டும். கண்முன்னால் புது பிளேடு போடச் சொல்லுங்கள், பழைய பிளேடு வேண்டாம். சந்தனம் குளிர்ச்சிதான், ஆனால் வெயிலை அது தடுக்காது. மொட்டைத் தலைக்கு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டுங்கள். ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டாம், தெளித்துவிட்டால் போதும். விழாவுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். மேலாகப் பார்த்தால் கணுக்கால் ஆழம் போலத்தான் தெரியும், பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கள்ளழகர் வேடமும் அப்படித்தான். மூன்று வயதுப் பையனுக்குக் கொண்டையும் மீசையும் வைத்து, ஜரிகைத் துணியைச் சுற்றி, கையில் வளரி கொடுத்தால் பார்க்க ஆயிரம் கண் போதாது. ஒரு தடவை தல்லாகுளத்தில் ஒரு குட்டி அழகரைப் பார்த்தேன். மை மீசை வேர்வையில் கரைந்து தாடியாகிவிட்டது. கொண்டை காதுக்கு வந்துவிட்டது. அவன் பாட்டுக்குக் குச்சி ஐஸைத் தின்றுகொண்டு, தன்னைக் கும்பிட வந்த ஒரு பாட்டியிடம் "ஒனக்கு வேணுமா?" என்று நீட்டினான். அவ்வளவுதான் வேடம். வீட்டில் போட்டு, வாசலில் நாலு பேரிடம் காட்டி, படம் எடுத்துக் கழற்றிவிடுங்கள். ஜரிகையும் நைலானும் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலை மூடிச் சூடம் ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் விழா இது. அந்த நெருப்பு சரியாகக் குழந்தையின் முக உயரத்தில் இருக்கும்.

காது. அடுத்து நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அந்த இடத்தின் சத்தம் குழந்தைக்கு ஆகாது. ஸ்பீக்கர் பெட்டிகளைத் தரையில் அடுக்கி வைக்கிறார்கள். பெட்டியின் வாயும் பிள்ளையின் காதும் ஒரே மட்டத்தில். அங்கிருந்து நகருங்கள். சில பிள்ளைகளுக்குச் சத்தமும் கூட்டமும் இயல்பிலேயே தாங்காது. ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "பழகிரும், கூட்டிட்டு வா" என்று அவர்களுக்கு யாரும் புத்தி சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குக் காலியான மண்டபத்தில் தோரணம் பார்ப்பதுதான் திருவிழா என்றால், அதுதான் திருவிழா.

தொலைந்துபோவதைப் பற்றி. திருவிழா மைக்கில் கேட்டிருப்பீர்கள். "மஞ்சச் சட்ட போட்ட நாலு வயசுப் பையன், அப்பா பேரு கேட்டா அப்பாங்குறான், அவன் பேரு கேட்டா தங்கம்ங்குறான், பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போகவும்." கேட்டு நாம் சிரிக்கிறோம். வீட்டில் தங்கம், செல்லம், குட்டி என்றே கூப்பிட்டால் பிள்ளைக்குத் தன் பெயர் எப்படித் தெரியும்? இந்த வாரம் முழுக்கப் பிள்ளையின் முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், ஏரியா பெயர் மூன்றையும் பாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். போன் நம்பரைக் கையில் பேனாவால் எழுதி, அழியாமலிருக்க மேலே டேப் ஒட்டுங்கள். போலீஸார் குழந்தைகளுக்கு மணிக்கட்டுப் பட்டை கட்டும் இடம் இருந்தால் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். கிளம்பும்போது வாசலிலேயே அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் மறந்துபோகும். "காணாமப் போயிட்டா ஓடாத, நின்ன எடத்துலயே நில்லு. காக்கிச் சட்டை போட்ட அக்காகிட்டச் சொல்லு, இல்லாட்டி பிள்ளையோட நிக்கிற ஒரு அம்மாகிட்டச் சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். நீங்கள் 112-ஐக் கூப்பிடலாம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் இருக்கிறது. அப்பத்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள். கழுத்துச் சங்கிலி, அரைஞாண், கொலுசு எல்லாம் அன்றைக்குப் பீரோவில் இருக்கட்டும். நகையைத் தேடி வருகிற கை பிள்ளையையும் சேர்த்து இழுக்கும்.

கடைசியாக, மண்டகப்படிக்காரர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். பந்தலில் ஒரு மூலையைத் துணி கட்டித் தடுத்து, பாய் விரித்து, பாலூட்டும் தாய்மாருக்கு ஒதுக்குங்கள். ஸ்பீக்கர் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து உயரத்தில் கட்டுங்கள். சாமி வருவதற்கு முன்னால் பந்தல் காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தோரணம் கட்டச் சொல்லுங்கள், பானகத்துக்கு வெல்லம் தட்டச் சொல்லுங்கள், வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள். வேலை செய்த பிள்ளைக்கு அது தன் வீட்டு விசேஷம். அதற்குப் பிறகு அழகர் வந்து நிற்கும்போது, அவரை வரவேற்பது அந்தப் பிள்ளையாகவும் இருக்கும்.

அப்பத்தாக்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. சின்ன வயதிலேயே காட்டாவிட்டால் பிள்ளைக்கு ஒட்டாமல் போய்விடும் என்கிறீர்கள். ஒட்டாமல் போவது பார்க்காததால் அல்ல, பயந்ததால். மூன்று வயதில் நெரிசலில் மூச்சு முட்டி அழுத பிள்ளை, பன்னிரண்டு வயதில் "நான் வரல" என்று செல்போனோடு உட்கார்ந்துகொள்ளும். யாளியைப் பார்த்துச் சிரித்து, முட்டுக்கட்டையைத் தொட்டு, பானகம் கரைத்த பிள்ளை, வயது வந்ததும் உங்களைக் கேட்காமலே நண்பர்களோடு ஆற்றுக்குப் போகும். அப்போது நீங்கள்தான் "பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே இந்த ஆண்டுக்கு ஒரு கணக்கு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வீட்டு வாசலும் தெரு மண்டகப்படியும். ஒன்று முதல் மூன்று வரை, மாசி வீதியில் ஒரு சாயங்காலம், ஒரே ஒரு வாகனம். நாலு முதல் ஆறு வரை, நிற்கும் தேரும் அழகர் மலைக்குத் திரும்பும் நாளும். ஏழு எட்டு வயதுக்கு மேல், தண்ணீர் பீய்ச்சுகிறவரோடு மண்டகப்படியில் நிற்கட்டும். ஆற்றில் இறங்கும் விடியல் பெரியவர்களுக்கு. மருமகள் பிள்ளையோடு வீட்டில் இருந்தால் மாமியார் போய்ப் பார்க்கட்டும், அடுத்த வருடம் மாமியார் வீட்டில் இருக்கட்டும், மருமகள் போகட்டும். அந்த மகனைத்தான் இரண்டு வருடமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.